தாலுகா ஆபீசுக்குப் பிறந்த எருமை

எல்லா ஊரிலும் எருமை எருமைக்குத்தான் பிறக்கும். ஆலங்கொண்டானில் மட்டும் ஒரு எருமை தாலுகா ஆபீசுக்குப் பிறந்தது. பிறக்கும்போது பூனைக்குட்டி அளவுதான் இருந்தது. அதை முதலில் பார்த்தவள் இசக்கி. அவள் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவள் கையில் இரண்டாவது தொன்னைக் கேசரி இருந்தது, மூன்றாவதற்கு யார் குரலில் கேட்டால் கிடைக்கும் என்ற யோசனையில் மனசு இருந்தது.

இசக்கி பிளஸ் டூ படிக்கிறவள். அவள் தொண்டைக்குள் ஊரே குடியிருந்தது. டவுன் பஸ்ஸின் ஹாரன் முதல் ரேஷன் கடைக்காரரின் கொட்டாவி வரை எதைக் கேட்டாலும் மறுநிமிஷம் அச்சு அசலாகத் திருப்பித் தருவாள். ஒருமுறை தலைமையாசிரியர் குரலில் கழிவறைச் சுவருக்குப் பின்னாலிருந்து "இன்று மதியம் விடுமுறை" என்று அறிவித்தாள். பள்ளிக்கூடம் காலியானது, அறிவிப்பைக் கேட்டுத் தலைமையாசிரியரும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவள் எடுக்காத குரல் ஒன்றே ஒன்று, அவளுடைய அம்மா முப்பிடாதியின் குரல். சின்ன வயதில் எடுத்துப் பார்த்து, தோசைக்கரண்டியால் அதற்கான பதிலும் கிடைத்துவிட்டது.

முப்பிடாதி தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றும் ஒப்பந்த ஊழியர். அந்த ஆபீசில் கை வைத்த நாற்காலி, கை இல்லாத நாற்காலி, ஸ்டூல் என்று மூன்று சாதி உண்டு; முப்பிடாதிக்கு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் ஊரின் முக்கால்வாசிப் பேரை அவள் 'ஒரு குடைத் திட்ட'த்துக்குள் ஏற்றினாள். ரேஷன், பென்ஷன், பட்டா, பஸ் பாஸ், குளத்து மடை திறக்கிற உத்தரவு, சுடுகாட்டு ரசீது எல்லாம் இனிமேல் ஒரே கம்ப்யூட்டரின் குடைக்குக் கீழே வரும், மக்கள் நனையவே மாட்டார்கள் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். எழுதிய சுவர் அந்த வருஷத்து மழையிலேயே ஊறி விழுந்தது.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தது மேலிடம். மேலிடம் என்றால் யார் என்று யாருக்கும் தெரியாது. அது தலைநகரத்தில் ஏதோ ஒரு மாடியில் இருந்தது, அதற்குக் காது இருந்ததாகத் தகவல் இல்லை. தை மாசம் நல்ல முகூர்த்தம் என்று அது குறித்துவிட்டது. கம்ப்யூட்டர் அப்போது 'க' என்று தட்டினால் சாயங்காலம் வரை யோசித்துவிட்டு அணைந்துபோகிற நிலையில் இருந்தது.

ஆனால் விசேஷ வீட்டில் யாராவது இல்லை என்பார்களா? பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டால் "தீந்துபோச்சு" என்று சொல்கிற சமையல்காரனை ஆலங்கொண்டானில் மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள். "வந்துக்கிட்டே இருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும், சாப்பிடுகிறவர் ரசத்தை முடித்து, மோரை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வெற்றிலை போடும்வரை சாம்பார் வந்துகொண்டேதான் இருக்கும். அந்த வழக்கப்படி, பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அதன் தலையில் எலுமிச்சம்பழத்தையும் உட்காரவைத்த பிறகு, தலைநகரத்திலிருந்து ரிப்பன் வெட்ட வந்த பெரிய அதிகாரி, "எல்லாம் ஆச்சா?" என்று மைக்கில் கேட்டார்.

"ஆச்சுண்ணே, சும்மா பட்டையக் கெளப்பும் பாருங்க" என்றார் காண்ட்ராக்டர் ஜெயபாண்டி, மதுரைக்காரர், விரலுக்கு ஒரு மோதிரம்.

"எவ்ரிதிங் டன் சார்" என்றார் திட்டத்தை வரைந்த ஆலோசகர் நிரஞ்சன். அவர் ஆலங்கொண்டானை முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தயார் நிலையில் உள்ளது அய்யா" என்றார் தாசில்தார் கிருபாகரன். அவர் மனைவியிடம் உப்பு கேட்பதைக்கூட மனுவாகத்தான் கேட்பார் என்று ஊரில் பேச்சு.

"ஆச்சுங்கய்யா" என்றாள் முப்பிடாதி, மைக் அவள் பக்கம் வந்துவிட்டதால்.

ஒவ்வொரு 'ஆச்சு'க்கும் கம்ப்யூட்டர் அறைக்குள்ளே யாரோ முக்குவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பெரிய அதிகாரி பொத்தானை அமுக்கினார். விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தது. அறைக்கதவைத் தலையால் தள்ளிக்கொண்டு, இன்னும் ஈரம் காயாத, புதுப் பிளாஸ்டிக் மணக்கிற ஒரு எருமைக் கன்று வெளியே வந்து, பந்தலின் நடுவில் நின்று, ரிப்பனின் ஒரு நுனியை மெல்ல ஆரம்பித்தது.

"யார் மாடு இது?" என்றார் பெரிய அதிகாரி.

"எனக்குச் சம்பந்தமில்லைங்கய்யா" என்றார் தாசில்தார். கன்று நாய் அளவு ஆனது.

"நம்மகிட்ட ஆர்டர்லயே மாடு இல்லண்ணே, எனக்குச் சம்பந்தமில்ல" என்றார் ஜெயபாண்டி. அது ஆடு அளவு ஆனது.

"இது ஸ்கோப்லயே கிடையாது" என்றார் நிரஞ்சன். அதற்குக் கொம்பு முளைத்தது.

பெரிய அதிகாரி காரில் ஏறியபடியே, "இதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் தூசி அடங்கியபோது ஆபீஸ் வாசலில் முழுசாக வளர்ந்த எருமை ஒன்று அசைபோட்டுக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து ஒரு குடை விரிந்தது, ஊர் நனைய ஆரம்பித்தது. ஊர்ப் பெரிய குளத்துக்கு இலவச வேட்டி சேலை ஒதுக்கீடு வந்தது. கீழத்தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கு முதியோர் பென்ஷன் மாசம் தவறாமல் வந்தது, உயிரோடிருந்த முதியோர்களுக்கு வரவில்லை. டீக்கடை ஆவுடையப்பனின் குடும்ப அட்டையில் மனைவி என்ற இடத்தில் மடை எண் ஏழு என்று இருந்தது; அவர் வீட்டுக்காரி, "அதான் வீட்டுக்கு வராம குளத்தங்கரையிலயே கெடக்கீரா?" என்று ஒரு வாரம் சோறு போடவில்லை. இதில் இசக்கிக்கு விழுந்த பங்கு தனி. பெயர் ஏற்றும்போது போன் நம்பர் என்ற கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் நகராது. ஊரில் பாதிக் கிழடுகளுக்குப் போன் கிடையாது, மீதிப் பேருக்குச் சொந்த நம்பர் மனப்பாடம் கிடையாது. "ஏதாவது ஒரு நம்பரைப் போடும்மா, கட்டம் காலியா இருக்கக் கூடாது, வேலை முடியணும்" என்று தாசில்தார் சொல்ல, முப்பிடாதிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் மகளுடையது. எனவே முக்கால் ஊருக்கு வரவேண்டிய ரகசிய எண்ணெல்லாம் இசக்கியின் போனுக்கு வந்தது. அந்தப் போன் தீப்பெட்டிக்குள் அடைத்த பொன்வண்டு மாதிரி விடிந்ததிலிருந்து அதிர்ந்துகொண்டே கிடந்தது. "ஏளா இசக்கி, எனக்கு நம்பர் வந்துட்டா?" என்று காலையில் வாசலில் வரிசை நிற்கும், அவளும் ஒவ்வொருவருக்கும் அவரவர் குரலிலேயே எண்ணைப் படித்துக் காட்டி அனுப்புவாள்.

எருமையோ நாளொரு கொம்பும் பொழுதொரு வாலுமாக வளர்ந்தது. ஊருக்கு அது எப்படி வந்தது என்பதில் அக்கறையில்லை; சாணியை யார் அள்ளுவது என்பதில்தான் அக்கறை. பேரூராட்சி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது, எருமை தெருவிளக்கு உயரம் ஆனது. ஆளுங்கட்சி அது போன ஆட்சியில் கருத்தரித்தது என்றது, எதிர்க்கட்சி இந்த ஆட்சியில்தானே பிரசவம் என்றது, எருமை தண்ணீர்த் தொட்டியை எட்டியது. அதற்குள் ஊர் அதற்குப் பழகியும்விட்டது. ஆவுடையப்பன் டீக்கடையை அதன் வயிற்றுக்கு அடியில் மாற்றிக்கொண்டார், கூரைச் செலவு மிச்சம். மதுரை பஸ் கண்டக்டர் "எருமை எறங்கு, எருமை எறங்கு" என்று கூவினார், யாரும் கோபித்துக்கொள்ளாமல் இறங்கினார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'எருமைக்கு வடபுறம்' என்று மண்டபத்துக்கு வழி போட்டார்கள். வெயில் விழாமல் வத்தல் காயவில்லை என்று கீழத்தெருப் பெண்கள் மறியல் செய்தார்கள். பேச்சுவார்த்தையில், எருமை மத்தியானம் கிழக்குப் பக்கம் திரும்பிப் படுத்தால் மறியலைக் கைவிடுவது என்று முடிவானது, எருமையிடம் சொல்கிற பொறுப்பு யாருக்கு என்பது முடிவாகாததால் அது இன்னும் ஒரு சாண் வளர்ந்தது. மழை பெய்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தால் எப்படியிருக்கும் என்று ஆலங்கொண்டான்காரர்கள் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார்கள்: மேலே பெய்தது கீழே வரவேயில்லை, எருமை திரும்பியும் பார்க்கவில்லை.

கடைசியில் அதன் முதுகு நெடுஞ்சாலையில் போகிற மேலதிகாரிகளின் கண்ணில் படுகிற உயரத்துக்கு வந்தபோதுதான் விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி திலகவதி, கஞ்சி போட்ட சேலைக்காரி; உட்கார்ந்தால் சேலை தனியாக ஒரு சத்தம் போடும். அவர் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார், எல்லோரும் கையை மேலே காட்டினார்கள், மேலே இருந்தவர்கள் கையைக் கீழே காட்டினார்கள், மேலிருந்து கீழே வந்த எல்லாக் கையும் வந்து நின்ற இடத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது.

"ஊர் முழுக்க ஒரே போன் நம்பர் போட்டிருக்கீங்க. சிஸ்டம் குழம்பாம என்ன செய்யும்?" என்றார் திலகவதி.

"தாசில்தார் அய்யாதாம்மா..."

"அவர் எழுத்துல குடுத்தாரா?"

முப்பிடாதி எழுந்து நின்றாள்.

தீர்ப்பு அந்த வட்டாரத்து வழக்கப்படியே வந்தது. சந்தையில் மாடு கைமாறினால் பத்திரம் கிடையாது, சாட்சிக் கையெழுத்து கிடையாது. துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கயிறு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால் போதும், அந்த நிமிஷத்திலிருந்து மாடு வாங்கினவனுடையது, அது முட்டினாலும் செத்தாலும் அவன் பாடு. வருகிற திங்கட்கிழமை சந்தைத் திடலில், ஊர் அறிய, எருமையின் கயிற்றை முப்பிடாதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிவிட்டால் எருமை அவளுடையது, தப்பும் அவளுடையது. வேலை போகும், கேஸும் வரும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் முப்பிடாதி அடுப்பில் உலையை வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாள்.

"என்னம்மா பாக்க?" என்றாள் இசக்கி.

"முருங்கையில கட்டலாமான்னு பாக்கேன்."

"யம்மா, அது வால ஆட்டுனா முருங்கையும் இருக்காது, வீடும் இருக்காது, மாரியம்மங்கோயில் கோபுரமும் இருக்காது."

"அப்போ எங்கனட்டி கட்ட?" என்று கேட்டுவிட்டு முப்பிடாதி சிரித்தாள், சிரித்தது பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "எனக்குப் பங்கே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன் மக்களே. ஆனா முழு எருமையுமா எனக்கு?"

இசக்கி செருப்பை மாட்டினாள். தேயிலை வாங்குகிற சாக்கில் டீக்கடைக்குப் போனாள்.

அங்கே எருமையின் வயிற்றுக்கு அடியில் ஆட்டு டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பருப்புவடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஆட்டு மாட்டுக்கெல்லாம் அரசாங்க டாக்டர். ஆனால் எருமை பிறந்த நாளிலிருந்து "இது என் வகையறாவில் வராது" என்று ஆட்டோடு நிறுத்திக்கொண்டவர். மனசு சரியில்லாதபோது கைப்பழக்கம் தானாக வருமில்லையா, அப்படித்தான் இசக்கிக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் குரலிலேயே, மூக்கில் பாதியும் வாயில் பாதியுமாக, "இந்த எருமை பூராவும் நான் பெத்ததுதான்வே" என்றாள்.

ஆட்டு டாக்டர் வடையைப் போட்டுவிட்டு எழுந்தார். "ஏய், எவம்ல சொன்னது பூராவும்னு? ரேசன் கணக்கு ஏத்துற மிசின்ல, அதுலயே ஆட்டுக் கணக்கையும் சேத்துருங்கன்னு கேட்டேன், அம்புட்டுதான் நான் கேட்டது! நான் ஒருத்தனா கேட்டேன்? மீன்காரன் மீனைச் சேக்கச் சொன்னான், பஸ்காரன் பஸ்ஸைச் சேக்கச் சொன்னான். என் பங்கு ஆடு மட்டுந்தான்!"

சொல்லி வாய் மூடவில்லை, ஆவுடையப்பனின் பால்சட்டி மேல் ஒரு துண்டு வெயில் வந்து விழுந்தது. அந்தக் கடை அங்கே வந்த நாள் முதல் அந்தச் சட்டியின் மேல் வெயில் விழுந்ததே கிடையாது. ஆவுடையப்பன் சட்டியைத் தள்ளி வைத்தார், வேறொன்றும் நினைக்கவில்லை. இசக்கி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். எருமையின் வயிறு ஒரு முழம் உள்வாங்கியிருந்தது.

அவள் தேயிலை வாங்க மறந்து, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை சந்தைத் திடலில் மேடை போட்டிருந்தார்கள், வாழைமரமும் கட்டியிருந்தார்கள், ஏனென்றால் மேடை என்றால் வாழைமரம். ஊர் திரண்டிருந்தது. எருமையின் மூக்கிலிருந்து தேர்வடம் மாதிரி இறங்கிய கயிற்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்க, முப்பிடாதி இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் துண்டோடு மேடையேறினாள். மேடைக்கு அடியில், படுதாவுக்குப் பின்னால் மைக்செட்டுக்காரர் இருந்தார், அவர் காதருகே கஞ்சி போட்ட சேலை சரசரக்கிற சத்தமும், கூடவே திலகவதியின் குரலும் கேட்டன: "தம்பி, போய்ப் பன்னீர் சோடா வாங்கிட்டு வாங்க. கூலிங்கா." அவர் ஓடினார். சேலைச் சத்தத்தை நாக்கிலேயே போட்ட இசக்கி உபரி மைக்கைக் கையில் எடுத்தாள்.

திலகவதி மேடையில், "கயிற்றை ஒப்படைக்கலாம்" என்றார்.

"ஒரு நிமிடம்" என்றது ஒலிபெருக்கி, தாசில்தார் குரலில். "மேற்படி எருமை தலை முதல் வால் வரை முழுக்க முழுக்க அடியேனுடையது என்பதைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன்."

கூட்டம் 'ஓ' என்றது. மேடையில் நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருந்த தாசில்தார், தன் குரல் தன்னை விட்டுப் போய் ஊர் முழுக்கப் பேசுவதைக் கேட்டுத் துள்ளி எழுந்து நிஜ மைக்கைப் பிடுங்கினார். "நான் எங்கே முழுக்க முழுக்க என்றேன்? 'கம்ப்யூட்டர் ஓடவில்லை' என்று வந்த அறிக்கையை 'சற்று மெதுவாக ஓடுகிறது' என்று திருத்தினேன். அப்புறம் அந்தப் போன் நம்பரை... சரி, அதையும் நான்தான் போடச் சொன்னேன். அவ்வளவுதான் என் பங்கு! 'நன்றாக ஓடுகிறது' என்று மாற்றியது மாவட்ட ஆபீஸ்!"

எருமை ஒரு பனை உயரம் இறங்கியது. கீழத்தெருவில் வெயில் விழுந்தது. வத்தல் காயப்போடுகிற பெண்கள் அங்கிருந்தே குலவையிட்டார்கள்.

கூட்டத்தில் ஒதுங்கி நின்ற மாவட்ட ஆபீஸ்காரர், அவர் குரலை இசக்கி எடுக்கும் முன்பே பயந்துபோய், "நாங்க 'நன்றாக'ன்னுதான் போட்டோம், 'மிகச் சிறப்பாக'ன்னு போட்டது எங்களுக்கு மேல!" என்று கத்தினார். இன்னும் ஒரு பனை.

"அண்ணே, இம்புட்டு எருமையும் நம்ம எருமதாண்ணே, வாலு கூட யாருக்கும் தர மாட்டேன்" என்றது ஒலிபெருக்கி.

"அடப்பாவிகளா, எவன்டா அது என் வாய்க்குள்ள ஒக்காந்து பேசுறது!" என்று ஜெயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார். "இந்தா பாருங்க, வேலைய எடுத்தது நானு, இல்லைங்கல. எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்தேன், அவரு அடுத்தவருக்குக் குடுத்தாரு, கடைசியில பரோட்டாக் கடை மாடி லாட்ஜுல ரெண்டு பயலுக செஞ்சாய்ங்க. நல்ல பயலுகதான். அவிய்ங்களுக்கு ஊரே தெரியாது, குளம்னா ஆளு பேருன்னு நெனச்சுட்டாய்ங்க. கைமாத்தி விட்டது மட்டுந்தாங்க என் பங்கு!"

எருமை மாடிவீட்டு உயரம் ஆனது. நிரஞ்சன் மெல்லப் படிக்கட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். அவர் முதல் படியில் கால் வைக்கும்போது அவருடைய குரல், "ஹலோ ஆல், திஸ் பஃபலோ இஸ் டோட்டலி மைன்" என்று ஊரின் மேல் பறந்தது.

"நோ, நோ, டோட்டலியெல்லாம் இல்லை! இது வேற மாநிலத்துக்குப் போட்ட டிசைன். அங்க குளமே கிடையாது. நான் பேரை மட்டும்தான் மாத்தினேன். மூணு வருஷம் ஆகும்னு முதல்ல சொன்னேன், சத்தியமா சொன்னேன். முடியுமா முடியாதான்னு கேட்டாங்க, முடியும்னு சொல்லிட்டேன். என் ஷேர் அவ்வளவுதான்!"

இப்படியே போனது. திலகவதியின் குரலும் திலகவதிக்கு முன்னால் பேசியது, அவர் வெடவெடத்து எழுந்து, சேலை அலற, "எனக்கு வந்த உத்தரவு, இருக்கிறதுலயே சின்ன ஆளா ஒருத்தரைக் கண்டுபிடிச்சுக் குடுன்னுதான். கண்டுபிடிச்சேன். அது மட்டும்தான் என்னுடையது" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று தன் காதிலேயே விழுந்ததும் உட்கார்ந்துவிட்டார். எருமை சாதாரண எருமை அளவுக்கு வந்தது. கயிற்றைப் பிடித்திருந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வேலை இல்லாமல் போனது. அப்புறம் யார் குரலும் தேவைப்படவில்லை, விசேஷ வீட்டில் ஒருவர் மொய் வைத்தால் அடுத்தவர் சும்மா இருப்பாரா, அந்த ரோஷத்தில் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். "வெளக்கு அணைஞ்சப்போ எனக்குத் தெரியும் இது வெளங்காதுன்னு. இருந்தாலும் கேசரிக்காகக் கை தட்டிட்டேன்வே" என்றார் ஆவுடையப்பன். எருமையின் மேலிருந்து ஒரு மயிர் உதிர்ந்தது. அவர் பங்கு அவ்வளவுதான், ஆனால் உதிர்ந்ததை அவர் பொறுக்கிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அது கன்றுக்குட்டி அளவில் நின்றுவிட்டது, தூக்குவதற்கு மேற்கொண்டு கை இல்லை. இசக்கி மேடைக்கடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீதி ஒரு குரல்தான் இருந்தது. தொண்டை வரை வந்தது. அவள் மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள்.

மேலே பலகை கிறீச்சிட்டது. முப்பிடாதி மைக்குக்கு வந்தாள், அது தாசில்தார் உயரத்துக்கு இருந்ததால் எம்பிப் பேச வேண்டியிருந்தது.

"போடச் சொன்னது அவியதான். ஆனா போட்டது என் வெரலு. தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன். 'இது சரிவராதுய்யா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாயத் தொறந்தா ஸ்டூலும் போயிருமோன்னு பயம். அன்னைக்கு 'ஆச்சு'ன்னும் சொன்னேன். அது என் பங்கு." கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு மேல ஒரு குளம்புகூட என்னோடது இல்ல."

கயிறு அவள் கையிலிருந்த துண்டின் மேல் கிடந்தது, இப்போது அது அரைஞாண் கயிறு கனம்தான் இருந்தது. அதன் மறுமுனையில் பூனைக்குட்டி அளவில், பிறந்த நாளில் இருந்த மாதிரியே, எருமை நின்று துண்டின் நுனியை மென்றது.

எல்லோரும் அது மறையும் என்று காத்திருந்தார்கள். அது மறையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாப் பங்கும் போய்விட்டது, இது யாருடையது?

"மேலிடத்துல தேதி குறிச்சாவல்லா, அவியளுது" என்றாள் முப்பிடாதி.

அந்தப் பேச்சைக் கேட்டதும் எருமைக்குட்டி வடக்கே திரும்பி, ஒருமுறை தும்மி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. முப்பிடாதி கயிற்றை விட்டாள். இசக்கி படுதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து கூடவே போய், சென்னை பஸ்ஸின் படியில் அதைத் தூக்கி ஏற்றிவிட்டாள்.

"யம்மாடி, இது யாரோடது?" என்றார் கண்டக்டர்.

"மேலிடத்துது. கடைசி ஸ்டாப்ல அதுவா எறங்கிக்கிடும்."

கண்டக்டர் உள்ளே பார்த்து, "வேற யாரும் இதுக்கு டிக்கெட் எடுக்குறீங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே ஒரே குரலில் சம்பந்தமில்லை என்றது. பஸ் கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டும்போதே அதன் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்ததாக ஆவுடையப்பன் சொன்னார். மதுரையில் அதை பஸ் கூரைக்கு மாற்றினார்கள். திருச்சியில் அது பஸ்ஸை விட்டு இறங்கி, பஸ்ஸை விட வேகமாக நடந்தது. வழியிலிருந்த சுங்கச்சாவடிகளெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கம்பியைத் தூக்கிவிட்டன. மறுநாள் காலையில் தலைநகரத்துக்காரர்கள் வானம் கருத்திருப்பதைப் பார்த்துக் குடையோடு வேலைக்குப் போனார்கள். மழை வரவில்லை. மேலே ஏதோ அசைபோடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முப்பிடாதி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தாசில்தார் அவளுக்கு எழுத்து மூலம் ஓர் உத்தரவு கொடுத்திருந்தார், அந்த ஆபீஸ் வரலாற்றிலேயே எழுத்தில் வந்த முதல் உத்தரவு அதுதான், எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்படி அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஊரார் பெயருக்கு எதிரே இருந்த மகளின் நம்பரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். போன் இல்லாதவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டாள். கம்ப்யூட்டர் முறைத்தது, இவளும் முறைத்தாள்.

அந்த வேலை இன்னும் முடியாததால், திட்டத்தைப் பற்றி யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அழைப்பு இசக்கிக்குத்தான் வந்தது. ஒரு நாள் காலை அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. தலைநகரத்து நம்பர். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, ரொம்ப உயரத்திலிருந்து வருகிறது என்று. கூடவே ஜன்னலுக்கு வெளியே எதுவோ பெருமூச்சு விடுவதும் கேட்டது.

"ஹலோ, ஒரு குடைத் திட்டமா? இங்க ஒரு எருமை நிக்குது. சூரியனே தெரியலை. இதைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லி யார்கிட்டப் பேசணும்?"

இசக்கி நுரையைத் துப்பினாள். யார் குரலில் பேசலாம் என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு, போனில் எப்போதும் காத்திருக்கச் சொல்கிற அந்தப் பெண்ணின் குரலில், தேனாக, ஒரு அவசரமும் இல்லாமல் ஆரம்பித்தாள்:

"வணக்கம். ஒரு குடைத் திட்டத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். எருமை உங்களுடையது என்றால், எண் ஒன்றை அழுத்தவும். இல்லையென்றால், இணைப்பிலேயே காத்திருக்கவும். உங்கள் எருமை வளர்ந்துகொண்டிருக்கிறது."